கரண்டியைத் திருப்பியது யார்

கேட் கொக்கியின் சத்தம் கேட்டபோதே தெரிந்துவிட்டது, இது இந்த வீட்டுக்குப் பழகாத கை. பழகின கை கொக்கியை முதலில் மேலே தூக்கும், அப்புறம் இழுக்கும். நீங்கள் முதலில் இழுத்தீர்கள். அது கிரீச் என்றது. அப்புறம் தூக்கினீர்கள். டங்கென்று கீழே விழுந்தது. தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியதே இல்லை, அம்மணி. இங்கே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிவிடுவேன், வந்தது பால்காரரா, மாடிவீட்டுத் திருமூர்த்தியா, கரண்ட் ரீடிங் எடுக்கிறவரா என்று. என் வேலை அப்படி.

உள்ளே வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். படம் எடுப்பதற்காக வைத்திருக்கிறேன். இந்தக் கட்டிலில் உட்காருங்க. அந்தத் தையல் துணியை அக்கட்டால தள்ளிவிடுங்க. பார்த்து, ஊசி இருக்கும்.

எந்த ஊர்? கோயமுத்தூரா. பேர்? மிருதுளா. சரி. என்னது, போனில் நாங்கள் படம் போடுகிற 'அசையாப் படம்' குழுவிலிருந்தா? அதை முதலிலேயே சொல்லக் கூடாதா! உங்கள் தோளில் தொங்குகிற அந்த நீளமான குழாய்ப் பையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் விற்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம்.

ஆக, என் புகார் வந்து சேர்ந்துவிட்டது. பதிலே காணோமே, ஓரமாகத் தள்ளிவிட்டார்கள் போல என்று இருந்தேன். நேரில் ஆள் அனுப்பி விசாரிக்கிறீர்கள் என்றால் ரொம்ப சந்தோஷம். விலாசம் தெளிவாக எழுதியிருந்தேனல்லவா, அதனால்தான் அலையாமல் வந்துவிட்டீர்கள்.

வீட்டுக்காரி இல்லை. சுலோச்சனா என்று பேர். பெட்ஷீட்டுக்கு ஓரம் அடிக்கிறாள், வீட்டிலேயே மிஷின். தைத்ததைக் கொடுத்துவிட்டு வரப் போயிருக்கிறாள். கீரையை ஆய்ந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். எப்போது வருவாள் என்று எதற்குக் கேட்கிறீர்கள்? காபிக்கா? காபி நானே போடுவேன். வேண்டாமா. சரி. அவள் வந்தாலும் உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது, அம்மணி. அவளுக்கு இந்தப் படச் சமாச்சாரம் எதுவும் தெரியாது.

என்னமோ சொல்ல வருகிறீர்கள். சித்தெ இருங்க. நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் என் பக்கத்தை முழுசாகக் கேளுங்க. பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. கேட்டுக்கொண்டே நீங்களும் இரண்டு கொத்து ஆய்ந்தால் சீக்கிரம் முடியும். இல்லை இல்லை, சும்மா சொன்னேன், உட்காருங்க.

நான் ஒரு மஞ்சள் குடோனில் ராத்திரி வேலை பார்க்கிறேன். ஈரோட்டில் மஞ்சள் குடோனுக்குப் பஞ்சமா, அதில் ஒன்று. மூட்டை தூக்குவதில்லை. ஒரு சின்ன ரூமில் உட்கார்ந்து கேமரா பார்க்கிறேன். டிவி மாதிரி ஒரு திரை, அதில் கட்டம் கட்டமாகக் குடோன். மூட்டை, மூட்டை, எடைமேடை, மறுபடியும் மூட்டை. எதுவும் அசையாது. அசையாததைப் பார்த்துக்கொண்டே இருந்து, அசைந்தால் கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த வேலையை எனக்குப் பழக்கிய சூப்பர்வைசர் ஒன்று சொல்லிக் கொடுத்தார். "சென்னியப்பா, நம்ம ஆளுகளையே பாத்துட்டு இருந்தீன்னா கண்ணு அவிஞ்சு போயிரும். தோள்ல பச்சைத் துண்டு இருந்தா அது நம்ம ஆளு, உட்டுரு. துண்டு இல்லாதவன் வந்தா மட்டும் நிமுந்து உக்காரு." குடோன் ஆட்கள் எல்லோருக்கும் பச்சைத் துண்டு கொடுத்திருந்தார்கள், எனக்கும் ஒன்று. அந்தச் சொல்லை நான் இன்றுவரை மீறியதில்லை. பச்சைத் துண்டு தெரிந்தால் என் கண் தானாகத் தாண்டிப் போய்விடும். சுவரைத் தாண்டுகிற மாதிரி.

இந்தப் படக் கிறுக்கு அங்கேதான் பிடித்தது. யாரோ எடைமேடை மேல் ஒரு டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டான். அடியில் கொஞ்சம் டீ. பக்கத்தில் யாருமில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது. அந்தக் கிளாஸுக்கும் எனக்கும் ஒரே வேலை என்று பட்டது. விடிந்ததும் இறங்கிப் போய் போனில் ஒரு படம் எடுத்தேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அம்மணி. எந்த வகுப்புக்கும் போகவில்லை. எல்லாம் நானே தட்டுத் தடுமாறிக் கற்றது.

இதோ இந்த ஜன்னல்தான் என் ஸ்டூடியோ. வேலை முடிந்து வந்து பல் விளக்குவதற்குள் வெயில் இந்தப் பலகையில் வந்து உட்கார்ந்திருக்கும். பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினால் வெயில் பால் மாதிரி ஆகிவிடும். அந்தப் பக்கம் நிழல் அடர்த்தியாக இருந்தால் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்ப்பேன். அவ்வளவுதான் என் கருவி.

முதலில் பொருள்தான் முக்கியம் என்று நினைத்தேன். கத்திரிக்காய், பூண்டு, பல் போன சீப்பு, கரைந்து தேய்ந்த சோப்பு. எடுத்ததெல்லாம் பழக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. அப்புறம்தான் புத்தியில் பட்டது, முன்னால் இருப்பதில் ஒன்றுமில்லை, பின்னால் இருப்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று. அதே பூண்டை வெள்ளைச் சார்ட்டில் வையுங்க, பூண்டு காணாமல் போகும். மஞ்சள் கறை பிடித்த சாக்கில் வையுங்க, சந்தைக்கு வந்த பூண்டு. துருப்பிடித்த தகரத்துக்கு முன்னால் வைத்தால் யாரும் இல்லாத பூண்டு. ஈரத் துவைகல்லில் வைத்தால் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். காலண்டரின் முதுகு, சிமெண்ட் ஷீட், மழைக்கோட்டின் உள்பக்கம், அவள் தைக்கிற பெட்ஷீட். பெட்ஷீட் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டு வாடை அடிக்கிறது.

எல்லாவற்றிலும் உசத்தி எது தெரியுமா? தோசைக்கல்லின் அடிப்பக்கம். வருஷக்கணக்கில் தீ தின்ற கறுப்பு. அந்தக் கறுப்பை நீங்கள் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைச் சுவரில் சாய்த்து, முன்னால் சின்ன வெங்காயம் வைத்தேன். வெங்காயம் கங்கு மாதிரி தெரிந்தது! சுலோ வந்து நின்றாள்.

"ஏனுங்க, கல்லைக் குடுத்தீங்கன்னா நாலு தோசை ஊத்திட்டுத் தந்தர்றேன்."

"சுட்ட கல்லு ஆறவே மத்தியானம் ஆகும். வெயில் நிக்குமா?"

"அப்ப இன்னிக்கும் உப்புமாதான். மாவு புளிச்சுப் பொங்கி வருது, அதையாவது ஒரு படம் எடுங்க."

இப்படித்தான் கிண்டல் பண்ணுவாள். ஒரு நாள் எனக்குப் பின்னாலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தாள். "அதுல ஒரு வெங்காயத்த பாதி உரிச்சு வெச்சா நல்லா இருக்குமுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இல்ல, யாரோ உரிச்சிட்டு இருக்கறப்ப எந்திரிச்சுப் போன மாதிரி இருக்குமுல்ல."

"நீ மொதல்ல எந்திரிச்சுப் போ. வெளிச்சத்த மறைக்கற" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நல்ல குணம், அம்மணி. எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள்.

எனக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தில் ஆள் இருக்கக் கூடாது. எவர்சில்வர் டம்ளரை எடுக்கும்போது அதற்குள் நான் கோணல்மாணலாகத் தெரிவேன். அதற்காகக் கறுப்புக் குடையில் ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எடுத்தவன் நான். ஆள் வந்துவிட்டால் படத்தின் அமைதி போச்சு. உங்கள் குழுவில் நான் போடும் படத்தில் ஒரு விரல் நகத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தோசைக்கல், மூன்று வெங்காயம், கழுத்து வளைந்த ஒரு கரண்டி. ஜோடித்து வைத்தேன். மேகம் வந்துவிட்டது. கண்ணும் சொக்கியது. மேகம் விலகட்டும் என்று இப்படியே சாய்ந்தேன், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தக் கட்டில்தான். முன்பெல்லாம் உள்ரூமில்தான் தூங்குவேன். கொஞ்ச நாளாகத்தான் இங்கே. சுலோதான் மாற்றச் சொன்னாள், காற்று வருமாம். எழுந்து பார்த்தால் சாயங்காலம். ஜன்னல் பலகையைப் பார்த்தேன். கரண்டி திரும்பியிருந்தது.

சிரிக்காதீங்க. அசைந்ததைக் கண்டுபிடிப்பது என் தொழில். நான் வைத்தபோது கரண்டியின் குழி என்னைப் பார்த்திருந்தது. இப்போது வாசலைப் பார்க்கிறது.

"யார் தொட்டது?"

"பூனையா இருக்கும்" என்றாள் சுலோ, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"பூனை கரண்டியைத் தள்ளும். திருப்பி வெக்குமா?"

"நீங்க வளத்தற பூனைதான, அதுக்கும் படக் கிறுக்கு புடிச்சிருக்கும்."

அன்றைக்கே குழுவைத் திறந்தால், 'கொடிக்கயிறு' என்று ஒரு புதுப் பேரில் ஒரு படம். அதே தோசைக்கல். அதே கரண்டி, வாசலைப் பார்த்துக்கொண்டு. ஒரு வெங்காயம் பாதி உரித்து, சருகு கீழே விழுந்து கிடக்கிறது. நான் எழுந்தபோது மூன்றும் முழுசாகத்தான் இருந்தன, வேறு வெங்காயத்தை வைத்து எடுத்திருக்கிறான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அம்மணி. பொருளைத் திருடினான் சரி. பின்னணியைத் திருடினான் சரி. பாதி உரித்த வெங்காயம்? அது எங்கள் வீட்டுக்குள் நாங்கள் இருவரும் பேசிய பேச்சு! அதுகூட அவன் காதுக்குப் போயிருக்கிறது என்றால் பாருங்க, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறான் என்று.

அந்தப் படத்தைத்தான் உங்கள் ஆட்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒருவர் எழுதுகிறார், 'இந்தக் கரண்டி யாருக்காகவோ காத்திருக்கிறது' என்று. இன்னொருவர், 'படம் மூச்சு விடுகிறது' என்று. வெங்காயத்துக்கு எங்கேயிருந்து வந்தது மூச்சு? என் படத்துக்கு வந்த கருத்து என்ன தெரியுமா? 'நல்ல தெளிவு.' பாத்திரக்கடை போர்டைப் பார்த்தும் அதைத்தானே சொல்வார்கள்! இதையெல்லாம் சுலோவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியா எழுதியிருக்காங்க? இன்னொரு தடவ படிங்க" என்றாள். எனக்காக அவளுக்கு அவ்வளவு வருத்தம்.

அதோடு நிற்கவில்லை. நான் ஜோடித்து வைத்துவிட்டுத் தூங்கினால் போதும், கொடிக்கயிறிடமிருந்து படம் வரும். எல்லாம் பகலில். நான் தூங்குகிற நேரம் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. குழுவில் அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், ஆள் படம் இல்லை, ஒரு கயிறும் அதில் ஒரு கிளிப்பும். பெண் என்றால் ஒரு பூவாவது வைத்திருக்கும். இது ஆண்தான். அதுவும் துணித் தொழிலில் இருக்கிற ஆண். அவன் படங்களில் பின்னணி பெரும்பாலும் பெட்ஷீட். ஈரோட்டில் பெட்ஷீட் இல்லாத வீடு எது? அதனால் அதை வைத்துப் பிடிக்க முடியவில்லை.

எனக்கு முதல் சந்தேகம் திருமூர்த்தி மேல்தான். மாடியில் குடியிருக்கிறான், கல்யாண போட்டோகிராபர். தும்பிக்கை மாதிரி லென்ஸ் வைத்திருக்கிறான். மாடிப்படி வளைவிலிருந்து பார்த்தால் இந்த ஜன்னல் தெரியும். நானே ஏறி நின்று சோதித்தேன். நேராகவே கேட்டேன்.

"ஏன் தம்பி, எங்க வீட்டு வெங்காயம் உன்ற கண்ணுக்குத் தெரியுதா?"

"என்னண்ணா?"

"கொடிக்கயிறு யாரு?"

"அண்ணா, நான் கல்யாணத்துல ஆயிரம் பேரு சிரிக்கறதப் படம் எடுக்கறவன். உங்க வெங்காயத்தத் திருடி நான் எந்த மாப்பிள்ளைக்கு ஆல்பம் போடறது?"

"சிரிச்சு மழுப்பாத."

"போயி நல்லாத் தூங்குங்கண்ணா. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. அக்காகிட்டச் சொல்லி எண்ணெய் வெச்சுக் குளிங்க."

திருடன் இப்படித்தான் அக்கறையாகப் பேசுவான். ஒரு நாள் ஜன்னலின் வெளிப்பக்கம் தார்ப்பாய் தொங்கவிட்டுத் தூங்கினேன். அப்போதும் படம் வந்தது! ஆக வெளியிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே வந்து எடுக்கிறான்.

பொறி வைத்தேன். நம்மிடம் மஞ்சள்தூளுக்கா பஞ்சம்? ஒரு டம்ளரையும் சீப்பையும் ஜோடித்து, சுற்றிலும் சன்னமாக மஞ்சள்தூளைத் தூவிவிட்டுப் படுத்தேன். எவன் தொட்டாலும் விரலில் ஒட்டும், தேய்த்தாலும் போகாது. எழுந்து பார்த்தேன். தூள் கலைந்திருந்தது, டம்ளர் இடம் மாறியிருந்தது. ஓடிப்போய்த் திருமூர்த்தியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. பால்காரர் கையைப் பார்த்தேன். அவர் பயந்துபோய் இப்போது பாலை கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். இந்த வீட்டில் மஞ்சள் விரல் சுலோவுக்கு மட்டும்தான் இருந்தது. அது எப்போதும் இருப்பதுதானே, அம்மணி? குழம்பு வைக்கிற கை. அதைச் சோதித்து என்ன ஆகப் போகிறது?

கடைசியாக என் தொழிலையே கையில் எடுத்தேன். குடோனில் பழசாகிப் போன ஒரு சின்ன கேமராவைக் கேட்டு வாங்கி வந்து, அதோ அந்தச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பகல் முழுக்க ஓடவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஈ காக்கா வரவில்லை. சுலோ மட்டும்தான். சுலோ கூட்டுகிறாள். சுலோ எனக்குச் சோறு மூடி வைக்கிறாள். சுலோ ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சுலோ முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஓசூரில் வேலை பார்க்கிற மகளோடு பேசுகிறாள் போல. மகள்தான் தன்னுடைய பழைய போனை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள், கண்ணாடி கீறல் விட்டது. நான் சுலோ வருகிற இடத்தையெல்லாம் வேகமாக ஓட்டிவிட்டேன். நம்ம ஆளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வெளி ஆளை எப்படிப் பிடிப்பது? ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் மிச்சம் ஒன்றுமே இல்லை. காலி ரூம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா?

ஒரு விஷயம் மட்டும் உண்மை. கொஞ்ச நாளாகச் சுலோவும் ஒரு மாதிரிதான். ஏதோ பாட்டு முனகுகிறாள். மிஷினில் உட்கார்ந்தபடியே தானாகச் சிரிக்கிறாள். நான் படுக்கும்போது வந்து, "சுவத்துப் பக்கம் திரும்பிப் படுங்க, வெளிச்சம் கண்ணுல அடிக்கும்" என்கிறாள். இத்தனை வருஷத்தில் என் கண்ணைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. நான்கூட ஒரு நாள் நினைத்தேன், திருமூர்த்தி இவளையும் கையில் போட்டுக்கொண்டு வேவு பார்க்கிறானோ என்று. அப்புறம் என்னை நானே திட்டிக்கொண்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

அதனால்தான் உங்களுக்குப் புகார் எழுதினேன். உங்கள் விதியிலேயே இருக்கிறதே, அடுத்தவர் ஜோடித்ததை எடுத்துப் போட்டால் படத்தையும் நீக்குவோம், ஆளையும் நீக்குவோம் என்று. நீக்குங்க. எனக்கு வேறு என்ன இருக்கிறது, அம்மணி? ஊர் உலகம் நடமாடுகிற நேரத்தில் நான் தூங்குகிறேன். அக்கம்பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து எல்லாம் நான் தூங்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. விழித்திருக்கும்போது பேச ஆளில்லை. காலையில் இந்த ஜன்னலில் வெயில் நிற்கிற கொஞ்ச நேரம்தான் என்னுடையது. அதையும் ஒருத்தன் எடுத்துக்கொண்டு போய், அதில் மூச்சு இருக்கிறது என்று பேர் வாங்குகிறான்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்க.

கண்காட்சியா? கோயமுத்தூரிலா? கொடிக்கயிறின் படம் தேர்வாகியிருக்கிறதா! அழைக்க வந்தீர்களா, யாரை? இருங்க, இருங்க. என் புகார் நிற்கிறதா இல்லையா என்று தெரியாமல் அதை மாட்ட முடியாது, அப்படித்தானே? நிற்கிறது. நான் கையெழுத்தே போட்டுத் தருகிறேன். அந்தக் குழாய்ப் பைக்குள் இருப்பது அந்தப் படம்தானா? எடுங்க. எதை எதைத் திருடினான் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். கை ஈரம், துடைத்துக்கொள்கிறேன்.

ம்.

இது நான் குழுவில் பார்க்காத படம். கண்காட்சிக்கென்று தனியாக அனுப்பியதா? இந்தா பாருங்க, டம்ளர். அதன் மேல் மூடி வைத்த தட்டு. பக்கத்தில் தூக்குப்போசி, மூடி திறந்து கவிழ்த்து வைத்திருக்கிறது. இந்தப் போசி, நான் ராத்திரிக்குச் சோறு கொண்டுபோகிற போசி மாதிரியே இருக்கிறது. மாதிரி என்ன, எங்களுடையதேதான், இந்த நசுங்கல் என் சைக்கிளிலிருந்து விழுந்தபோது வந்தது. பார்த்தீர்களா! நான் சொன்னேன் அல்லவா! டம்ளருக்குள் ஜன்னல் தெரிகிறது. குடை வைக்கவில்லை. மறைக்கவே இல்லை, தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டிருக்கிறான்.

வெளிச்சம் நல்லா விழுந்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பின்னணிதான் என்னவென்று பிடிபடவில்லை. மங்கலாக இருக்கிறது. ஒரு மேடு. மூட்டை அடுக்கியிருக்கிறதா? குடோனா? மூட்டை இவ்வளவு மெத்தென்று வளையாது. மலை மாதிரியும் இருக்கிறது. மேலே பச்சையாக என்னமோ போர்த்தி இருக்கிறது. சாக்கில்லை, துணி. துண்டு.

என் மூக்குக்கண்ணாடியை எடுங்க, அம்மணி. அலமாரி மேல். ஆமாம், அதுதான்.

பச்சைத் துண்டு.

ஓரத்தில் நீல நூல். துண்டு நுனி பிரிந்து தொங்கியபோது பச்சை நூல் தீர்ந்துபோய், "நீலத்துல அடிச்சர்றேன், யாரு பாக்கப் போறா" என்று அவள்தான் அடித்துக் கொடுத்தாள். குடோனில் இருக்கிற எந்தத் துண்டிலும் நீல ஓரம் கிடையாது.

வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது என்று அதைத் தலையில் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன். சுவர்ப் பக்கம் திரும்பி.

இப்படிச் சாய்த்துப் பிடிங்க.

என்னுடைய முதுகு இவ்வளவு பெரிதா?

இல்லை, ஒன்றுமில்லை. வெங்காயம் உரித்த மாதிரி கண் எரிகிறது. பகல் தூக்கம் போதவில்லை.

இந்தப் படத்துக்குப் பேர் ஏதாவது வைத்திருக்கிறார்களா? என்ன? 'வந்தாச்சு'. அவ்வளவுதானா? வேறு எதுவும் எழுதவில்லையா? சரி. 'வந்தாச்சு.' சரி.

படத்தில் ஆள் இருக்கக் கூடாது என்பது என் சட்டம். அது அவங்கவங்க சட்டம். என்னைக் கேட்காமல் எடுத்தது தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். தூங்குகிற ஆளை எழுப்பிக் கேட்க முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். நான் தூங்காமல் இருந்தபோது வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கு என்ன பதில் கிடைத்தது என்றும் கேட்பீர்கள். கேட்க மாட்டீர்களா? கேட்காவிட்டால் சரி. அந்த மஞ்சள்தூள் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீங்க.

புகாரா? நீங்கள் இப்படி எழுதிக்கொள்ளுங்க. வெங்காயம் சென்னியப்பனுடையது. கரண்டியைத் திருப்பி வைத்தது அவன் இல்லை. பின்னணியைப் பற்றி அவனுக்குப் புகார் எதுவும் கிடையாது. போதுமா? வேண்டுமென்றால் கடைசி வரியை மட்டும் எழுதிக்கொள்ளுங்க. பேனா அந்த மிஷின் டிராயரில் இருக்கும்.

முதலிலேயே நீங்கள் சொல்ல வந்தீர்கள். நான்தான் விடவில்லை. உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, யாரைத் தேடி வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்க.

கேட்டுதா? கொக்கி. தூக்கி, அப்புறம் இழுக்கிற கை. வந்துவிட்டாள்.

அம்மணி, ஒரு உதவி. படத்தைச் சுருட்டிப் பைக்குள் வையுங்க. நீங்களே அவள் கையில் கொடுத்து, நீங்களே சொல்லுங்க. நான் எதையும் பார்க்கவில்லை. நீங்கள் இப்போதுதான் வந்தீர்கள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆள் ஏதோ குடோன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். நாளைக்கு நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். நான் பார்த்தது அவளுக்குத் தெரிந்தால் என் முதுகு விறைப்பாக நிற்கும், அவள் எடுக்கிற படத்தில் தெரிந்துவிடும்.

சுலோ, உன்னைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்காங்க. கோயமுத்தூர்ல இருந்து. இல்ல, எனக்குத் தெரியாது, உங்கிட்டத்தான் பேசணுமாம். கீரையா? ஆய்ஞ்சாச்சு, ஆய்ஞ்சாச்சு. ஆமா, காம்பெல்லாம் கலந்துதான் கெடக்குது, பேச்சுல கவனிக்கல. நீ அக்கட்ட உக்காந்து பேசு.

அந்தத் தட்ட இப்படித் தள்ளு. காம்ப நான் பொறுக்கி எடுத்தர்றேன்.